லாரியும் ஹாரனும் இல்லாத மலைச்சாலை: ஜவ்வாதா, கொல்லியா, தாண்டிக்குடியா?

#1 மஞ்சள்ஹெல்மெட்

வணக்கம். தை மாதத்தில் இரண்டு நாள் பயணம். சென்னையிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அடிவாரத்தில் இறங்கி மிதிக்கத் திட்டம். தார்ச்சாலை வேண்டும், மலை வேண்டும், கூட்டம் வேண்டாம். வண்டி ரோடு பைக். முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை எட்டு கியர், 25 மிமீ டயர், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டை பிடிக்கும் வகை). ஆள் 65 கிலோ, வண்டி 10, பை 5. ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலை மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. எது சரிப்படும்? இந்த வண்டி தாங்குமா?

#2 சேலத்துமிதி

மலை பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அந்த ரோடு யாருக்குத் தேவைன்னு பாருங்க.

ஏலகிரிக்கு ஏற ஒரே ரோடு. பொன்னேரியில ஆரம்பிச்சு 14 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு புலவர் பேரும் வள்ளல் பேரும் எழுதி வச்சிருப்பாங்க. மேல போற எல்லாரும் சுற்றிப் பார்க்கத்தான் போறாங்க, அதுவும் காரில. சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல அங்க சைக்கிள் ஓட்டுறது டோல்கேட்டுல நிக்கிற மாதிரி. வார நாள் விடியக்காலைல அதே ரோடு தங்கம்.

ஜவ்வாதுக்கு வாசல் நிறைய. ஆலங்காயம், போளூர், செங்கம், அமிர்தி, திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு. போக்குவரத்து பிரிஞ்சு போயிடும். மேல இருக்கிறது ஊர்க்காரங்க வண்டி, பஸ், பால் வண்டி, பள்ளிக்கூட வேன். அவங்க சைக்கிள்காரனுக்கு ஒதுங்கி வழிவிடத் தெரிஞ்சவங்க.

எந்த ரோட்டையும் முன்கூட்டியே எடைபோட இன்னொரு வழி இருக்கு. மேப்ல சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பாருங்க. ரோட்டோரம் கல்குவாரியோ செங்கல் சூளையோ வெள்ளையா, சிவப்பா தெரிஞ்சா அந்தத் துண்டுல டிப்பர் லாரி நிச்சயம். கரும்பு வயல் தெரிஞ்சா தை, மாசியில டிராக்டர் டிரெய்லர் வரிசை. அந்தத் துண்டை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கிட்டு, மலைத் துண்டை வார நாளுக்குத் தள்ளுங்க. நிறைய பேர் இதைத் தலைகீழாப் பண்றாங்க.

#3 தேன்திணை

ஜவ்வாது என்றால் ஜோலார்பேட்டையில் இறங்குங்கள். காரணம் உயரக் கணக்கு. திருப்பத்தூர் வட்டாரமே கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அந்த முதல் 400 மீட்டரை ரயில் ஏற்றிவிடும். மறுபக்கம் போளூர் 200 மீட்டருக்கும் கீழே. ஆகவே ஆலங்காயம் பக்கம் ஏறிப் போளூர் பக்கம் இறங்கினால் ஏற்றம் குறைவு, இறக்கம் நீளம். திசையை மாற்றினால் வெயிலில் 200 மீட்டர் கூடுதலாக மிதிக்க வேண்டும்.

முதல் நாள்: ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், குரிசிலாப்பட்டு, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். மொத்தம் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வரும். நெடுஞ்சாலையைத் தொடவே வேண்டாம். வாணியம்பாடி வழியாகப் போனால் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் இரைச்சல் கொஞ்ச தூரம் கூடவே வரும்.

திருப்பத்தூர் தாண்டும் வரை ஊர் நெரிசல் உண்டு. அதைக் காலை ஏழுக்குள் கடந்துவிடுங்கள். ஆலங்காயத்தில் சாப்பிட்டு, இரண்டு பாட்டிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காட்டுப் பகுதி. கடை இருக்கும் என்று நம்பி ஏறக்கூடாது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டரில். ஆலங்காயத்திலிருந்து அதுவரை ஏறுவது சுமார் 350 மீட்டர். நடுநடுவே சமதளம் வருவதால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். காவலூருக்கு மேல் சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பீடபூமி என்று பெயர், ஆனால் தட்டையான இடம் அரிது. மேப் காட்டும் மொத்த ஏற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

வானாய்வகத்தில் பொதுமக்களுக்கான நேரம் சனிக்கிழமை. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் இருக்கிறது. அந்தப் பகுதியில் இரவில் சைக்கிள் ஓட்ட நேர்ந்தால் முன்விளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திக் கட்டுங்கள். வானம் இருட்டாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

#4 கணக்குப்பிள்ளை

கியர் கேள்விக்கு எண்ணாகவே பதில் சொல்கிறேன். 700×25 சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் நகரும். தங்கள் வண்டியின் மிகச் சிறிய கியர் 34/28. பெடல் ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கிமீ. மொத்த எடை 80 கிலோ, சரிவு 8 சதவீதம் என்றால் இதற்குத் தேவை ஏறக்குறைய 170 வாட்.

பின்னால் 32 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு 8 கிமீ வேகம், 150 வாட் போதும். 34 பல் போட்டால் 140 வாட்.

20 வாட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறும்போது 150-ல் பேசிக்கொண்டே மிதிப்பவர் 170-ல் வாய் திறந்து மூச்சு வாங்குவார். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றால் சுற்று 50-க்கும் கீழே இறங்கி, பாரம் முழுக்க முழங்காலில் விழும். கால் வலிமையைவிட முழங்கால்தான் முதலில் கைவிடும்.

#5 மஞ்சள்ஹெல்மெட்

நன்றி. அப்படியானால் கேசட்டை (பின் பல்சக்கர அடுக்கை) மட்டும் 11-32 ஆக மாற்றினால் போதுமா? செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டீரெய்லரும் மாற்ற வேண்டுமா?

#6 பல்சக்கரம்

பின் டீரெய்லரோட உள்பக்கத் தகட்டைப் பாருங்க. ஷிமானோன்னா எஸ்எஸ், ஜிஎஸ்னு பொறிச்சிருக்கும். எஸ்எஸ் சின்னக் கூண்டு, ஜிஎஸ் நடுத்தரக் கூண்டு. ஜிஎஸ் இருந்தா 32 பெரும்பாலும் ஓடும். எஸ்எஸ்ல மாடலைப் பொறுத்து 28 அல்லது 30-லயே நின்னுடும். 32 போட்டா டீரெய்லரோட மேல் பல்சக்கரம் கேசட்டுல உரசும்.

மாத்தும்போது மூணு வேலை.

செயின் நீளம்: பழைய செயினை அப்படியே போட்டுடாதீங்க. டீரெய்லருக்குள்ள நுழைக்காம, முன்னால 50, பின்னால 32 மேல செயினைச் சுத்தி, ரெண்டு முனையும் சேர்ற இடத்துல ரெண்டு கண்ணி கூட விட்டு வெட்டுங்க. குறைச்சலா இருந்தா, தெரியாம பெரிசு–பெரிசு போட்ட அன்னிக்கு டீரெய்லர் பிச்சுக்கிட்டு வரும்.

பி-ஸ்க்ரூ: 34–32 கியர்ல வச்சுட்டு, மேல் பல்சக்கரத்துக்கும் கேசட்டுக்கும் நடுவுல 5, 6 மிமீ இடைவெளி வர்ற வரைக்கும் உள்ள திருகுங்க.

லோ லிமிட் ஸ்க்ரூ: இதை விட்டுட்டு மலைக்குப் போறவங்கதான் அதிகம். பெரிய பல்லுல செயின் இருக்கும்போது டீரெய்லரைக் கையால ஸ்போக் பக்கம் தள்ளிப் பாருங்க. செயின் பல்லைத் தாண்டி உள்ள விழக்கூடாது. ஏத்தத்துல, முழு பலத்தோட மிதிக்கும்போது அது உள்ள விழுந்தா ஸ்போக் நாலஞ்சு வெட்டுப்படும்.

இன்னொண்ணு. வீட்டுல பழைய ஹைப்ரிட் வண்டி இருக்கா? முன்னால 48/38/28, பின்னால 14-28 ஏழு கியர் ஃப்ரீவீல் மாதிரி? அதுல 28/28 கியர், சரியா ஒண்ணுக்கு ஒண்ணு. கணக்குப்பிள்ளை சொன்ன 140 வாட் அதுலயே வந்துடுது. எடை மூணு, நாலு கிலோ கூடும், ஆனா முழங்கால் தப்பிக்கும். இந்த மாதிரி ரோட்டுக்கு அது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

#7 ஒத்தையடிப்பாதை

எல்லாரும் ஜவ்வாது பக்கமே சாய்ந்துவிட்டீர்கள். கொல்லிமலையை ஒதுக்கலாமா? காரவள்ளி–சோளக்காடு 70 கொண்டை ஊசி. கேட்டால் பயமாக இருக்கும், கணக்குப் போட்டால் இல்லை. ஏறுவது 900 முதல் 1,000 மீட்டர், தூரம் 20 கிமீக்கு மேல். சராசரி 4, 5 சதவீதம்தான். வளைவு அதிகம் என்றாலே சரிவைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். சில கிலோமீட்டரில் ஏறிவிடும் குறுக்குச் சாலையைவிட இது சைக்கிளுக்கு இதமானது.

வளைவில் எங்கே ஓட்டுவது என்பது முக்கியம். வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு தணிவு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே வலப்பக்கம் திரும்பும் வளைவில் தானாகவே வெளிவிளிம்பு கிடைத்துவிடும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பில் மாட்டுவோம். அங்கே வளைவு தொடங்க பத்து மீட்டர் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். வளைவுக்குள் போய் மாற்றினால் செயின் கடகடவென்று துள்ளும்.

பேருந்து சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாதீர்கள். பேருந்துக்கு முழு அகலமும் வேண்டும். அதன் பின்புறம் வெளியே வீசிக்கொண்டு வரும். வளைவுக்கு முன்னால் இருக்கும் நேர்த்துண்டில் மண் ஓரமாக நின்று விடுவதே முறை.

#8 சேலத்துமிதி

ஏத்தம் பத்தி சொன்னதெல்லாம் சரி. அமைதி பத்தித்தான் தகராறு. 70 வளைவுங்கிற எண்ணே அந்த ரோட்டுக்கு எதிரி. சனி, ஞாயிறு காலைல மோட்டார் பைக் கூட்டம் கூட்டமா வருது, வளைவுல சாய்ச்சு ஓட்டிப் பார்க்க. இறங்குறவன் நம்ம பக்கத்துக்கு வந்துடுறான். செவ்வாய், புதன்ல போனா அதே ரோட்டுல குரங்கும் நீங்களும்தான். ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா. அந்த வாரம் எந்தப் பக்கமும் வேண்டாம்.

நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியா செங்கரைக்கு ஏறுற ரோடு ஒண்ணு இருக்கு. வளைவு குறைச்சல், அதனாலயே வேடிக்கை பார்க்க வர்றவங்களும் குறைச்சல். ராசிபுரம் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு அதுதான் என் ஓட்டு. ஏறுறது செங்கரை, இறங்குறது காரவள்ளின்னு வச்சுக்கிட்டா வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி. மலை ஏறின அன்னிக்கே இறங்கிப் பார்க்கணும்னு ஆசைப்படாதீங்க. மிதிக்கிற தசை வேற, படி இறங்குற தசை வேற. மறுநாள் தொடை பிடிச்சுக்கும். கிளீட் (பெடல்ல மாட்டுற கொக்கி) வச்ச ஷூவோட அந்த ஈரப்படில கால் வைக்கிறது அதைவிட மோசம்.

ஏற்காட்டுக்கும் இதே நியாயம்தான். சேலம் பக்கம் 20 வளைவு ரோட்டுல கார். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழி அமைதி, ஆனா செங்குத்து. 34/28 வச்சுக்கிட்டு அங்க போகாதீங்க.

#9 பல்சக்கரம்

ஏத்தத்தைப் பத்தியே பேசிட்டிருக்கோம். ரிம் பிரேக் வண்டிக்கு இறக்கம்தான் சோதனை.

கிளம்புறதுக்கு முன்னால பிரேக் கட்டையைக் கழட்டி முகத்தைப் பாருங்க. பளபளன்னு சின்னச் சின்ன அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருக்கும். ஊசியால ஒவ்வொண்ணாத் தோண்டி எடுங்க. விட்டா அது ரிம்மைக் கடைசல் பிடிச்ச மாதிரி கோடு போடும். அப்புறம் உப்புத்தாளால முகத்தை நாலு இழுப்பு. கட்டையில பள்ளக்கோடு தேஞ்சு மறைஞ்சுடுச்சுன்னா புதுசு போடுங்க. மழைல ஒரே இறக்கத்துல பாதிக் கட்டை காணாமப் போறது உண்டு.

ரிம்முக்குள்ள, ட்யூபுக்கு அடியில இருக்கிற ரிம் டேப் எதுன்னு பாருங்க. மெல்லிசான ரப்பர் டேப் இருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு துணி டேப் ஒட்டுங்க. ரிம் சூடாகும்போது ரப்பர் நகர்ந்து ஸ்போக் துவாரம் தெரியும். அந்த விளிம்புல ட்யூப் அறுபடும். இறக்கத்துல ‘பட்’னு வெடிக்கிறதுல பாதி முள்ளால இல்ல, இதனாலதான்.

கார்பன் ரிம், ரிம் பிரேக் சேர்ந்த வண்டியை இந்த மாதிரி நீண்ட இறக்கத்துக்கு எடுக்கவே எடுக்காதீங்க.

#10 நிழல்மரம்

இறக்கத்தில் முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம், பின் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் பாதுகாப்பு என்று சொல்வார்களே?

#11 கணக்குப்பிள்ளை

அது தட்டையான சாலையில் பழகியவர்கள் சொல்வது. இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரத்தில் பிடிமானம் குறைவு. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டி வழுக்கும், சூடு முழுவதும் ஒரே ரிம்மில் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பெடலை மட்டமாக வைத்து, கையை வளைவு ஹாண்டில்பாரின் கீழ்ப்பகுதியில் வைத்தால் இரண்டு விரலே போதும்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு. 80 கிலோ 900 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 700 கிலோஜூல். இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பங்கை காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் பெரும்பாலும் பிரேக்குக்கு. 7 சதவீத இறக்கத்தில் சீராக 20 கிமீ வேகத்தில் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 43 கிலோஜூல் பிரேக்கில் சேரும். 35 கிமீயில் இறங்கினால் 28 தான். காற்றுத்தடை மீதியைத் தின்றுவிடும். அதற்காக 35-ல் பறக்கச் சொல்லவில்லை. நேர்த்துண்டில் ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் ரிம் ஆறும்.

அப்படி ஓடவிட பயமாக இருக்கிறதா? நேர்மாறாக 10 கிமீக்கு வந்துவிடுங்கள். மொத்தச் சூடு கூடுதலானாலும் மெதுவாகச் சேர்வதால் ரிம் தாங்கும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில், 20, 25-ல் விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குவதுதான். ஐந்து கிமீக்கு ஒருமுறை நின்று, ரிம்முக்கு அருகில் புறங்கையை வைத்துப் பாருங்கள். தொடவே முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் நிழல். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

#12 தேன்திணை

தை மாதம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்ளு, கேழ்வரகு, சாமை எல்லாம் சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிரும். காரோட்டிக்குப் பிரச்சினை இல்லை, சைக்கிளுக்குப் பெரிய பிரச்சினை. கேழ்வரகுத் தாள் பரவாயில்லை. கொள்ளுக்கொடி நீளமாக, காய்ந்த கயிறு போல இருக்கும். ஒரு கொடி டீரெய்லரின் கீழ்ப் பல்சக்கரத்தில் மாட்டினால், மிதிக்க மிதிக்கச் செயினோடு சுற்றிக்கொண்டு மேலே ஏறும். இரண்டு சுற்றில் டீரெய்லர் பின்னுக்கு மடங்கி ஸ்போக்குக்குள் போய்விடும். டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹாங்கர் என்ற சின்னத் தகடு வளையும் அல்லது உடையும்.

செய்ய வேண்டியது எளிது. கொடி பரப்பியிருப்பதைப் பார்த்ததும் வேகத்தைச் சற்று கூட்டி, அதன் மேல் போகும்போது மிதிக்காமல் உருளவிடுங்கள். பரப்பு நீளமாக இருந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓரமாக நடங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலே காலை நிறுத்துங்கள். பின்னுக்குச் சுற்றி விடுவிக்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். அதன் மேல் பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் கூடாது. அடியில் உதிர்ந்த கொள்ளு மணி குண்டு மாதிரி உருளும். காயப்போட்டவர்கள் அங்கேதான் இருப்பார்கள், “ஓரமா போய்க்கிறேங்க அம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே விளக்குமாற்றால் ஒரு முழம் தள்ளி வழி விடுவார்கள்.

அடுத்து வேகத்தடை. ஊர் தொடங்கும் இடத்தில், பள்ளி முன்னால், கோயில் முன்னால் இருக்கும். பெயின்ட் போயிருக்கும். இறக்கம் முடிகிற இடத்தில்தான் ஊர் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் ஓட்டு வீடு கண்ணில் பட்டதும் வேகம் 20-க்கு வந்துவிட வேண்டும்.

#13 பல்சக்கரம்

தேன்திணை சொன்னது நூத்துக்கு நூறு. மாத்து ஹாங்கர் ஒண்ணு பையில வைங்க. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேற வேற வடிவம், மலையில எந்தக் கடையிலயும் கிடைக்காது. எடை இருபது, முப்பது கிராம்தான்.

அதுவும் இல்லாம உடைஞ்சா: செயின் டூலால செயினை வெட்டி டீரெய்லரை விட்டு வெளியே எடுங்க. முன்னால 34, பின்னால நடுவுல இருக்கிற ஒரு பல், நேர்கோட்டுல வர்ற மாதிரி. செயினை இறுக்கமா அளந்து க்விக் லிங்க் (கையால மாட்டுற இணைப்புக் கண்ணி) போட்டு மூடுங்க. நம்ம வண்டியில பின்சக்கரத்தை முன்ன பின்ன நகர்த்த முடியாது, அதனால சரியா இறுகுற பல்லைத் தேடித்தான் பிடிக்கணும். தொளதொளன்னு விட்டா செயின் தானா பெரிய பல்லுக்கு ஏறி இறுகிப் பூட்டிக்கும். இப்படி ஒத்தைக் கியர்ல சமதளத்துல ஊர் போய்ச் சேரலாம். ஏத்தத்துல தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

#14 மலைவாழை

யாரும் கீழ்ப்பழனி மலையைச் சொல்லவில்லை. கொடைக்கானல் என்றாலே வத்தலக்குண்டு மலைச்சாலை மட்டும் நினைவுக்கு வருவதால் வரும் வினை. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, அங்கிருந்து தாண்டிக்குடி. காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலுமாக ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதற்கு மேல் பண்ணைக்காடு வழியாக ஊத்து போனால் கொடைக்கானல் பெருஞ்சாலையைத் தொடலாம். அமைதி வேண்டுமென்றால் தொடாமல் திரும்புவதே நல்லது. ஆத்தூர், சித்தையன்கோட்டை பக்கமிருந்து ஆடலூர், பெரும்பாறை வழியும் உண்டு. அது இன்னும் வெறிச்சென்று இருக்கும்.

ஜவ்வாதைவிட இது அழகு. கடினமும் அதிகம், காட்டு விலங்கும் அதிகம். காட்டுமாடு உண்டு, ஆடலூர், தடியன்குடிசை பக்கம் யானையும் வரும். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது, அதுதான் ஆபத்து. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் காட்டுமாட்டுக்கு நாம் வருவது தெரியாது. மறைவான வளைவில் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். கண்டால் நிற்கவேண்டிய தூரம் ஐம்பது மீட்டருக்குக் குறையக்கூடாது. அது சாலையைக் கடக்கும் வரை படம் எடுக்கப் பக்கத்தில் போகக்கூடாது. ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், பின்னாலேயே கூட்டம் வரும். காலை ஏழுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் அந்தச் சாலையில் சைக்கிள் வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: இந்த எந்த வழியிலும் நடுவில் கழிப்பறை கிடைப்பது கடினம். அடிவார ஊரில் பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க், மேலே வந்ததும் ஊராட்சி அலுவலகம் அல்லது தங்குமிடம், அவ்வளவுதான். அதை வைத்தே நிற்கும் இடங்களைத் திட்டமிடுங்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது வழியல்ல. ஏற்றத்தில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் போயே ஆகவேண்டும், ஒரு பாட்டிலில் உப்பு–சர்க்கரைக் கரைசல்.

#15 மஞ்சள்ஹெல்மெட்

தாண்டிக்குடி அடுத்த முறைக்கு. இப்போதைக்கு ஜவ்வாது. ரயில், டயர் இரண்டும் மீதி. 25 மிமீ போதுமா? காற்று எவ்வளவு?

#16 ஒத்தையடிப்பாதை

ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மிமீ போடுங்கள். 28 போட்ட பிறகு பிரேக்கின் அடிப்பகுதிக்கும் டயருக்கும் நடுவில் 4 மிமீ இடைவெளி இருந்தாலே போதும். 80 கிலோ மொத்த எடைக்கு 28-ல் பின்னால் 80 பிஎஸ்ஐ, முன்னால் 72, 75. டயர் சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்கு ஏற்றுவது தவறு. ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் வண்டி துள்ளும், வளைவில் பிடிமானம் போகும்.

அடிவாரத்தில் எதிரி சீமைக்கருவேல முள். ஓரத்தில் வெட்டிப் போட்ட வேலி இருக்கும் இடத்தில் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே ஓட்டுங்கள். நிற்கும்போதெல்லாம் டயரை ஒரு சுற்று சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். முள் குத்தியதும் காற்று போகாது, உள்ளே வேலை செய்துகொண்டே இருந்து அரை மணி கழித்துத்தான் போகும். ட்வீசர் ஒன்று கட்டாயம். பங்ச்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைத் தடவி முள்நுனியை எடுக்காமல் மூடினால் நூறு மீட்டரில் மறுபடி நிற்பீர்கள்.

ஊர்க் கடையில் கிடைப்பது 28 × 1½ அங்குல ட்யூப். அது 635 மிமீ ரிம்முக்கு. நம்முடையது 622. ஆகவே மாற்று ட்யூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஸ்டா வால்வு (ரோடு பைக்கில் வரும் ஒல்லி வால்வு) என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றும் சேர்த்து. அது இருந்தால் டூவீலர் பங்ச்சர் கடைக் கம்ப்ரெசரிலேயே காற்றடிக்கலாம். கடைக்காரர் வேகமாக அடித்துவிடுவார். “கொஞ்சம் கொஞ்சமா விடுங்கண்ணே” என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

#17 சேலத்துமிதி

ரயிலுக்கு: ஏலகிரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம் சென்னையில கிளம்பி ஜோலார்பேட்டையிலயே முடியும். அது பெரிய வசதி. நடு ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷத்துல பார்சல் ஏத்துற பிரேக் வேனைத் திறந்து வண்டியை இறக்குற பதற்றம் இல்ல. பயண டிக்கெட்டோட பார்சல் ஆபீஸ்ல ஒரு மணி நேரத்துக்கு முன்னால போய் பதிவு பண்ணுங்க. பெடலைக் கழட்டி (இடப்பக்கப் பெடல் தலைகீழ்ப் புரி, ஞாபகம் இருக்கட்டும்), விளக்கு, மீட்டர் எல்லாம் பைக்குள்ள போட்டுடுங்க. டீரெய்லர் பக்கம் அட்டையை மடிச்சுக் கட்டுங்க. மேல மூட்டை வந்து விழுறது அங்கதான். பின்னால செயினைப் பெரிய பல்லுல வச்சுட்டா டீரெய்லர் உள்ள ஒடுங்கி நிக்கும்.

சின்ன ஸ்டேஷன்ல பார்சல் எடுக்க மாட்டாங்க. திரும்பும்போது போளூர்ல ரயில் ஏறிடலாம்னு நினைக்காதீங்க, காட்பாடிதான்.

#18 மஞ்சள்ஹெல்மெட்

அப்படியானால் இதுதான் திட்டம். வெள்ளி மாலை ரயில், இரவு ஜோலார்பேட்டை. சனி ஜமுனாமரத்தூர், வழியில் வானாய்வகம். ஞாயிறு பீமன் அருவி பார்த்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பி போளூர், அங்கிருந்து காட்பாடி.

#19 தேன்திணை

ஒன்றை மாற்றுங்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் இறங்கி முடிக்கும்போது உச்சி வெயில். அதன் பிறகுதான் காட்பாடி வரை சமதளம், நிழலில்லாத நெடுஞ்சாலை. ஞாயிறு காலை சுற்றுலா வண்டிகள் ஏறிவருவதும் அந்தப் பத்து மணிக்குத்தான். அருவியைச் சனி மாலையே பார்த்துவிடுங்கள். ஞாயிறு வெளிச்சம் வந்ததும், ஆறரை, ஏழுக்கு இறங்கத் தொடங்கினால் சாலை உங்களுக்கே. ஒரே சிக்கல், விடியற்காலைப் பனியில் தார் ஈரமாக இருக்கும். மரநிழல் வளைவுகளில் அது எட்டு மணி வரை காயாது. அங்கெல்லாம் சக்கரம் சாயாமல் நிமிர்ந்தே திருப்புங்கள்.

வானாய்வகத்துக்காகச் சனி இரவு காவலூரில் நின்றால், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு இருட்டில் மிதிக்க வேண்டிவரும். அதற்குப் பதில் தங்குமிடத்தை முதலிலேயே போட்டுவிட்டு, மாலை பேருந்திலோ ஆட்டோவிலோ காவலூர் வருவது நல்லது. திரும்ப வண்டி உண்டா என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூரில் தங்குமிடங்கள் சிலதான், போன் செய்துவிட்டுப் போங்கள். நூறு ரூபாய்த் தாளாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போனால் ஜிபே வேலை செய்யாது.

#20 பல்சக்கரம்

காலைக் குளிர்ல இறங்குறதுக்கு மெல்லிசான கையுறையும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும். விரல் மரத்துப்போனா பிரேக் லீவரை எவ்வளவு இழுக்கிறோம்னே தெரியாது. சட்டைக்குள்ள நெஞ்சுப் பக்கம் ஒரு செய்தித்தாளை மடிச்சு வச்சாலும் போதும், கீழ வந்ததும் தூக்கிப் போட்டுடலாம்.

கேசட் புதுசு போட்டீங்கன்னா மலைக்குப் போறதுக்கு முன்னால ஊருக்குள்ள ஐம்பது கிமீ ஓட்டிடுங்க. புது கேபிள் முதல்ல கொஞ்சம் தொய்யும். கேசட்டைப் பிடிச்சிருக்கிற லாக்ரிங்கை மறுபடி ஒருமுறை இறுக்கணும்.

#21 மஞ்சள்ஹெல்மெட்

டீரெய்லரில் ஜிஎஸ் என்றுதான் இருக்கிறது. 11-32 வாங்கியாயிற்று. கொள்ளுக்கொடி வெட்ட கத்தி போதுமா?

#22 தேன்திணை

கத்தி வேண்டாம், செயினுக்குள் நுழையாது, கையை வெட்டும். நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல்.